பரணில் வளர்ந்த கோதுமை

1

செம்பூருக்கு நாங்கள் குடிவந்து பத்து வருஷம் ஆகப்போகிறது. அதற்கு முன்னால் தாராவி. அதற்கும் முன்னால் தென்காசிப் பக்கம் ஒரு ஊர். அங்கேயிருந்து யாராவது போன் பண்ணினால் இன்றைக்கும், "பம்பாயில எல்லாம் எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். "இருக்கோம்" என்று சொல்லி வைத்துவிடுவேன். அதற்கு மேல் சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியாது. இந்தத் தடவை ஆரம்பிக்க ஒரு இடம் கிடைத்திருக்கிறது. என் எதிர் வீட்டுக்காரியின் ஒரு தட்டுக் கோதுமையை நான் பாழாக்கினேன். அதை எழுதுகிறேன்.

எதிர் வீட்டுக்காரியின் பெயர் மெஹ்ரி. ஈரான்காரி. இந்த ஊரில் அப்படிச் சொன்ன உடனே எல்லாரும் கேட்பது, "எந்த ஹோட்டல்?" என்பதுதான். மாட்டுங்காவிலும் தாதரிலும் இரானி ஹோட்டல்கள் உண்டு. பன் மஸ்காவும் சாயாவும் விற்கிற அந்தக் குடும்பங்கள் எந்தக் காலத்திலோ வந்தவை. மெஹ்ரி அப்படி வந்தவள் இல்லை. புனேயில் படிக்க வந்தாள், படித்து முடித்தாள், ஊரில் நிலைமை சரியாகட்டும் என்று ஒரு வருஷம் தங்கினாள். அந்த ஒரு வருஷம் இன்னும் முடிந்தபாடில்லை. இப்போது மாட்டுங்காவில் குங்குமப்பூவும் பிஸ்தாவும் இறக்குமதி செய்கிற ஆபீசில் கடிதம் மொழிபெயர்க்கிற வேலை. நாற்பதைத் தாண்டிவிட்டாள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நான் கேட்டதில்லை. அவளாகவே ஒருநாள், "நேரம் எங்க அக்கா இருக்கு? விசா வாங்கவே வருஷம் போயிடுது" என்றாள்.

எங்கள் இருவருக்கும் நடுவில் பம்பாய் இந்திதான். அவளுடைய இந்தியைக் கேட்டால் சிரிப்பு வரும். என்னுடையதைக் கேட்டு அவள் சிரிக்கிறாள். அதை இங்கே தமிழில் எழுதுகிறேன். 'அக்கா' மட்டும் அவள் சொல்கிற தமிழ்தான்.

விசாவை நீட்டிக்க ஒரு தடவை போலீஸ் ஸ்டேஷனுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அக்கம்பக்கத்துச் சாட்சி வேண்டும் என்றதால் நான் கூடப் போனேன். அங்கே இருந்த ஹவல்தார் அவளைக் கேட்டது கொஞ்சம். என்னைக் கேட்டதுதான் அதிகம். எந்த ஊர்? செம்பூர். அதுக்கு முன்னாடி? தாராவி. அதுக்கும் முன்னாடி? தமிழ்நாடு. அவர் பேனாவை வைத்துவிட்டு, "அப்ப நீங்களும் வெளியூர்தான்" என்றார். மெஹ்ரிக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஆட்டோவில் திரும்பும்போது, "வெளியூர்க்காரிக்கு வெளியூர்க்காரி சாட்சி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு முதலில் கோபம். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊர் ரயிலில் இடிபட்டவளைப் பார்த்து வெளியூர் என்கிறானே என்று. பிறகு நானும் சிரித்தேன்.

அவள் வீட்டில் தலையில் போடுகிற துணி ஒன்றே ஒன்று உண்டு. கறுப்பு. அவள் ஊர் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் படம் எடுக்க வேண்டுமானால் அதைப் போட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் பீரோவின் அடித்தட்டில் கிடக்கும். ஒருதடவை நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். "இந்தத் துணிக்காக அங்க பொண்ணுங்க செத்திருக்காங்க அக்கா. நான் இத மடிச்சு வச்சிருக்கேன்" என்றாள். நான் இஸ்திரிப் பெட்டியை ஆற வைத்தேன், அவள் துணியைத் திரும்ப அடித்தட்டில் வைத்தாள்.

2

மெஹ்ரிக்கு ஒரு தங்கை. பெயர் நாஹித். அவர்கள் ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நேரில் பார்த்ததில்லை, ஆனால் வீடியோவில் எனக்கு நல்ல பழக்கம். எப்போது பார்த்தாலும் எதையாவது கொறித்துக்கொண்டே பேசுவாள். பின்னால் அவர்களுடைய அம்மா குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பார். நான் மெஹ்ரி வீட்டுக்குள் நுழைகிற சத்தம் கேட்டாலே போதும், நாஹித் போனுக்குள்ளிருந்து "சாப்டாச்சா?" என்பாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அது. காலை பத்து மணிக்கும் கேட்பாள், சாயங்காலம் நாலு மணிக்கும் கேட்பாள். நானும் ஆச்சு என்பேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், தலைத்துணி சரியாக இல்லை என்று பிடித்துப் போன ஒரு பெண் காவலில் இறந்துபோனதும், அந்த நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். நம் ஊர் டிவியிலும் இரண்டு நாள் காட்டினார்கள். அன்றிலிருந்து நாஹித் தெருவில் துணி போடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் எச்சரித்தார்கள். சம்பளத்தைப் பிடித்தார்கள். அவள் போடவில்லை. இந்தக் குளிர்காலத்தில் மறுபடியும் ஜனங்கள் தெருவுக்கு வந்தபோது அவளும் போனாள். துப்பாக்கியால் சுட்டார்கள். நெட்டைத் துண்டித்தார்கள். நாஹித் வீடு திரும்பவில்லை.

பல நாள் கழித்து அம்மாவிடமிருந்து ஒரு போன் வந்தது. பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், எங்கே என்று தெரியவில்லை, ஒவ்வொரு சிறை வாசலாகப் போய்க் கேட்கிறேன் என்றாராம். அந்தப் பேச்சில் 'வக்கீல்' என்ற ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. அவர்களுக்கும் வக்கீல் வக்கீல்தான். அதற்கப்புறம் போனும் இல்லை. பிறகு போர் வந்தது. சிறை இருக்கிற பக்கம் குண்டு விழுந்ததாக ஒரு பேச்சு. எந்தச் சிறை, யார் இருந்தார்கள், ஒன்றும் தெரியாது.

என் வீட்டுக்காரருக்குத் தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை. வீட்டுக்கு வந்தால் டிவி முன்னால்தான். ஏவுகணை போகிற வழியைச் சிவப்புக் கோடு போட்டு, பின்னால் மத்தளம் அடித்துக் காட்டுவார்களே, அதை விடாமல் பார்ப்பார். மெஹ்ரி கதவைத் தட்டினால் மட்டும் எதுவும் சொல்லாமல் அணைத்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லி அவர் டிவியை அணைத்ததில்லை. இருந்தாலும் இதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

ஒருநாள் அவர் அணைக்க மறந்துவிட்டார். மெஹ்ரி நின்றுகொண்டே பார்த்தாள். பிறகு, "எங்கள உள்ள போடுறவங்க எங்க நல்லதுக்குன்னு சொல்றாங்க. மேலேருந்து குண்டு போடுறவங்களும் எங்க நல்லதுக்குன்னுதான் சொல்றாங்க. எங்க கிட்ட யாரு அக்கா கேட்டா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பால் பாக்கெட் இருக்கிறதா என்று கேட்கிற குரலில் சொன்னாள். அந்த நாட்டு அரசியலில் எனக்கு என்ன தெரியும்? அதற்குள் வீட்டுக்காரர் ரிமோட்டைத் தேடி அணைத்துவிட்டார்.

எனக்கு என்ன ஞாபகம் வந்தது என்றால், நான் புதிதாகக் கல்யாணமாகித் தாராவிக்கு வந்த சமயம் நடந்த கலவரம். ஊரடங்கு. சந்து முனையில் போலீஸ். எங்களுக்குப் போன் வருகிற கடை பூட்டிக் கிடந்தது. ஊரில் என் அண்ணன் தினமும் தென்காசிக்குப் பஸ் ஏறிப் போய், எஸ்.டி.டி பூத்தில் நின்று அந்தக் கடைக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். மணி அடிக்கும், எடுக்க ஆள் இருக்காது. கடைசியில் நான் ஒரு இடத்திலிருந்து அந்த பூத்துக்கே கூப்பிட்டபோது அவன் அழுதான். எனக்கு எரிச்சலாக வந்தது. இங்கே அரிசி தீர்ந்துபோச்சு, மண்ணெண்ணெய் இல்லை, இவன் என்ன அழுதுகொண்டு நிற்கிறான் என்று நினைத்தேன். உள்ளே இருந்தவளுக்கு அரிசிக் கவலை மட்டும்தான். வெளியே இருந்தவனுக்கு எல்லாக் கவலையும். அது இந்த வருஷம்தான் எனக்கு உறைத்தது. அண்ணன் இப்போது இல்லை. இருந்திருந்தால் போன் பண்ணிச் சொல்லியிருப்பேன்.

3

மார்ச் மாதம் பாதிக்கு மேல் போனால் அவர்களுக்கு வருஷப் பிறப்பு. நாம் சித்திரைக்குக் கனி காண வைக்கிற மாதிரி, அவர்களும் ஒரு மேஜையில் ஏழு பொருள் வைப்பார்கள். ஆப்பிள், பூண்டு, வினிகர், நாணயம் இப்படி. எல்லாம் அவர்கள் பாஷையில் ஒரே எழுத்தில் ஆரம்பிக்க வேண்டும். பக்கத்தில் கண்ணாடி, மெழுகுவத்தி. அங்கே கிடைக்கிற ஏதோ ஒரு காய்ந்த பழம் இங்கே கிடைக்காது என்று மெஹ்ரி செம்பூர் மார்க்கெட்டில் இலந்தைப் பழம் வாங்கிக் காய வைப்பாள். இந்த ஏழில் முக்கியமானது பச்சை. கோதுமையை ஊறப்போட்டு, தட்டில் பரப்பி, புல்லாக வளர்த்து வைப்பது. வருஷம் எப்படி இருக்கும் என்பது அதில் தெரியும் என்பார்கள். பதிமூன்றாம் நாள் வீட்டில் யாரும் இருக்கக் கூடாது. எல்லாரும் வெளியே போய் அந்தப் பச்சையை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். விடுவதற்கு முன்னால் பெண்கள் அதில் முடிச்சுப் போட்டு எதையாவது வேண்டிக்கொள்வார்கள்.

வருஷம் பிறக்கிற நேரம் ஒவ்வொரு வருஷமும் மாறும். அந்த நேரத்துக்கு அம்மாவும் நாஹிதும் அங்கே மேஜை முன்னால் உட்கார, மெஹ்ரி இங்கே உட்கார, போனில் இரண்டு மேஜையையும் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். யாருடைய பச்சை உயரம் என்று அக்காளுக்கும் தங்கைக்கும் போட்டி. எல்லா வருஷமும் நாஹித்தான் ஜெயிப்பாள்.

இந்த வருஷம் மெஹ்ரி எதுவும் வைக்கப் போவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் காலையில் பார்த்தால் சமையல் மேடையில் கோதுமை ஊறிக்கொண்டிருந்தது. நான் கேட்காமலே சொன்னாள். "பதிமூணாம் நாள் வரைக்கும் பார்ப்பேன் அக்கா. அதுக்குள்ள எந்தத் தகவலும் வரலேன்னா போயிடுவேன். அம்மா தனியா வாசல் வாசலா நிக்கிறாங்க."

"போனா திரும்பி வர முடியுமா?"

"போக முடியும்" என்றாள்.

நான் ஊரை விட்டு வந்தவள் என்று எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், பேசியிருக்கிறேன். தாதரில் ரயில் ஏறினால் மறுநாள் ஊர்க் காற்று. டிக்கெட் கிடைக்காததும், போனால் அண்ணி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதும்தான் என் கஷ்டம். அன்றைக்கு அவள் சொன்ன அந்த இரண்டு வார்த்தைக்கு முன்னால் எனக்குக் கூச்சமாக இருந்தது.

கோதுமை வெள்ளையாக மூக்கு நீட்டிய சமயத்தில் புனேயிலிருந்து அவளுக்கு ஒரு சேதி. அவள் ஊர்ப் பையன் ஒருவன், படிக்கிறவன், எல்லை தாண்டி வேறு நாட்டு வழியாக வந்து சேர்ந்திருக்கிறான், அவனுக்கு ஏதாவது தெரிந்திருக்கலாம் என்று. மெஹ்ரி உடனே கிளம்பினாள். கிளம்பும்போது தட்டை என்னிடம் கொடுத்தாள். மேலே ஈரத் துணி.

"தண்ணி மட்டும் தெளிங்க அக்கா. காய விடாதீங்க."

"அத விடு, எனக்குத் தெரியும்" என்றேன்.

தெரியும்தான். அதில்தான் வந்தது வினை.

தாராவியில் எங்கள் அம்மன் கோயில் கொடைக்கு வருஷா வருஷம் முளைப்பாரி போடுவோம். கோயிலுக்குப் பின்னால் ஒரு அறை. ஜன்னலுக்குச் சாக்குக் கட்டி, ஒரு கீற்று வெளிச்சம் நுழையாமல் அடைத்துவிடுவோம். சட்டியில் நவதானியம். பெண்கள் விரதம் இருந்து தண்ணீர் தெளிப்போம், சுற்றி வந்து கும்மியடிப்போம். முளைப்பாரி இருட்டில்தான் வளரும். வெளிச்சமே பார்க்காமல் நெட்டுநெட்டாக, எலுமிச்சை நிறத்தில் வந்தால் ஊருக்கு நல்லது. பக்கத்து வீட்டுச் சட்டியைவிட நம் சட்டி இரண்டு விரல் உயரமாக இருந்தால் நமக்கு நல்லது. என் கை முளைப்பாரிக்கு ராசியான கை என்று பேர். செம்பூருக்கு வந்த பிறகும் அந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

மெஹ்ரி ஜன்னல் ஓரம் வை என்று சொல்லவில்லை. செடி என்றால் ஜன்னல் ஓரம் என்பது அவளுக்குச் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. இருட்டில் வைக்கட்டுமா என்று நானும் கேட்கவில்லை. முளைக்கப் போட்டது இருட்டில்தான் இருக்க வேண்டும் என்பது எனக்குக் கேட்க வேண்டிய விஷயமே இல்லை. ஸ்டூலைப் போட்டுப் படுக்கையறைப் பரணில் ஏற்றி, மேலே கூடையைக் கவிழ்த்து, அதற்கும் மேலே பழைய சேலை ஒன்றைப் போர்த்தினேன். காலையும் மாலையும் குளித்துவிட்டுத்தான் தண்ணீர் தெளித்தேன். நாஹித் பெயரைச் சொல்லித்தான் தெளித்தேன். இந்தத் தடவை போட்டியில் மெஹ்ரிதான் ஜெயிக்க வேண்டும் என்று வேறு ஆசை.

வந்தது பாருங்கள், அப்படி ஒரு முளை. ஒரு சாணுக்கு மேல் உயரம், ஒன்று போல நிறம். தாராவியில் இருந்திருந்தால் குலவை போட்டிருப்பார்கள்.

4

வருஷப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்னால் மெஹ்ரி திரும்பி வந்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்தப் பையன் வேறு பேட்டைக்காரன், அவனுக்கு எதுவும் தெரியவில்லை. இன்னொருவன் வரப் போகிறான் என்று பத்து நாள் போலக் காத்திருந்தாள், அவனும் வரவில்லை. நான் சாயா போட்டுக் கொடுத்தேன். அவள் குடித்து முடித்ததும், இதையாவது பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று பரணிலிருந்து தட்டை இறக்கி, கூடையை எடுத்துவிட்டு அவள் முன்னால் வைத்தேன்.

மெஹ்ரி தட்டையே பார்த்தாள். கை நீட்டினாள், தொடவில்லை. "இதுக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"ஏன்? நல்லாத்தான வந்திருக்கு?"

"மஞ்சளா இருக்கே அக்கா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருஷப் பிறப்புக்கு முந்தின வாரத்தில் அவர்கள் நெருப்பைத் தாண்டுவார்கள். போன வருஷம் எங்கள் மொட்டை மாடியில் ஒரு அகலில் நாலு குச்சியைக் கொளுத்தி வைத்து அவள் தாண்டினாள். என்னையும் தாண்டச் சொன்னாள், முட்டியைக் காட்டித் தப்பித்தேன். தாண்டும்போது நெருப்பிடம் ஏதோ சொன்னாள். என்ன என்று கேட்டதற்கு, "என் மஞ்சளை நீ எடுத்துக்கோ, உன் சிவப்பை எனக்குக் கொடு" என்று அர்த்தம் சொன்னாள். மஞ்சள் என்றால் அவர்களுக்கு நோய், சோகை, சாவுக்குப் பக்கம். நமக்கு மஞ்சள் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தங்கை சிறையில் இருக்கிறாளா, மண்ணுக்குள் இருக்கிறாளா என்று தெரியாத ஒருத்தி முன்னால், வருஷத்துக்குச் சகுனம் சொல்கிற தட்டை நான் மஞ்சளாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

முளைப்பாரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். என் இந்தி காலை வாரிவிட்டது. சாக்கு, சட்டி, கும்மி எதற்கும் வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில், "எங்க சாமிக்கு இருட்டுலதான் வளப்போம். நான் உன் தங்கச்சி பேரச் சொல்லித்தான் தண்ணி ஊத்தினேன்" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். மெஹ்ரி அழவில்லை. தட்டைப் பார்த்துவிட்டு, "உள்ள இருந்தா அவளும் இப்படித்தான் ஆயிருப்பா" என்றாள்.

அந்த நேரத்தில் என் மகள் காவ்யா வந்தாள். ஐரோலியில் ஐ.டி கம்பெனியில் வேலை. தாராவியில் பிறந்தவள், வீட்டில் தமிழ் பேசுவாள், ஆனால் வாசிக்கத் தெரியாது. நான் இதை எழுதும்போதுகூட எட்டிப் பார்த்து, "என்ன மம்மி, சாமான் லிஸ்டா?" என்றாள். என் ஊர் அவளுக்கு 'உங்க ஊர்'. அதை விடுங்கள். வந்தவள் என் அழுமூஞ்சியையும் மெஹ்ரியையும் தட்டையும் பார்த்தாள்.

"லைட் படாம வச்சா இப்படித்தான் இருக்கும். சாகல மம்மி. ஜன்னல்ல வை, கிரீன் ஆயிரும்."

"ஏட்டி, நெசமாவா?"

"ஸ்கூல்ல படிச்சதுதான். நீ ஒரு தடவ யூடியூப்ல பாத்திருக்கலாம்ல?"

முளைப்பாரி அதற்கப்புறம் பச்சையாகுமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வாய்ப்பே வந்ததில்லை. வெளியே எடுத்த கையோடு தலையில் ஏற்றி ஊர்வலம் போய்த் தண்ணீரில் கரைத்துவிடுவோம். இத்தனை வருஷம் வளர்த்தும், கரைக்காமல் விட்டால் அது என்ன ஆகும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

தட்டை மெஹ்ரி வீட்டுக் கிழக்கு ஜன்னலில் வைத்தோம். வெயில் போன பிறகு காவ்யா தன் மேஜை விளக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் எரியவிட்டாள். வருஷம் பிறக்கிற அன்று நுனியில் பச்சை ஏறியிருந்தது; கீழே இன்னும் மஞ்சள். மெஹ்ரி அதையே மேஜையில் வைத்தாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் போன். நேரம் வந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது அடிக்கவில்லை. நான் கொண்டுபோன பாயசத்தை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் மெஹ்ரி சூட்கேசை இறக்கித் துடைத்து வைத்தாள். பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்தக் கறுப்புத் துணியையும் எடுத்து மேலே வைத்திருந்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

5

பதிமூன்றாம் நாள். ஓடுகிற தண்ணீர் என்று செம்பூரில் இருப்பது சாக்கடை நாலா ஒன்றுதான். அதில் விட மனம் வரவில்லை. தாராவி முளைப்பாரியை மாஹிம் கடலில்தான் கரைப்போம், அங்கேயே போகலாம் என்றேன். காவ்யா லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். எனக்காக அவள் லீவு போட்ட சரித்திரம் கிடையாது.

சாயங்கால வெயில். தண்ணீர் உள்வாங்கிக் கிடந்தது. தட்டை நான்தான் இடுப்பில் வைத்திருந்தேன். இப்போது அது நன்றாகப் பச்சை. அடியில் மட்டும் ஒரு விரல் அளவு மஞ்சள், அது போகவே இல்லை. மெஹ்ரி இரண்டு கோதுமைத் தாளைப் பிடித்து முடிச்சுப் போட்டாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்க வேண்டியதில்லை. "நாளைக்கு டிக்கெட் பார்க்கணும் அக்கா" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அவள் கைப்பைக்குள் போன் அடித்தது.

ஏதோ ஒரு நீளமான நம்பர். மெஹ்ரி அதை அப்படியே காவ்யாவிடம் நீட்டினாள். காவ்யா வாங்கி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாள். காற்று, கரகரப்பு, அதற்கு நடுவில் ஒரு கிழக் குரல். அவர்களுடைய அம்மா. மெஹ்ரி மணலில் உட்கார்ந்துவிட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தவள் என் சேலைக் கொசுவத்தைப் பிடித்து இழுத்தாள். "பார்த்திருக்காங்க. அம்மா அவளப் பார்த்திருக்காங்க."

போனில் பெயர் சொல்ல மாட்டார்கள். யார் கேட்கிறார்களோ என்ற பயம். பார்த்தேன் என்றார் அம்மா, அவ்வளவுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம். இளைத்துப்போயிருக்கிறாள். வெளுத்துப்போயிருக்கிறாள். பேசினாள். இன்னும் எத்தனை நாள் என்று தெரியாது. அடுத்த வாரமும் பார்க்க விடுவார்களாம். நீ வராதே என்றார் அம்மா, வெளியே ஒருத்தி இருக்கட்டும் என்றார். மெஹ்ரி ஒவ்வொன்றையும் எங்கள் பக்கம் திரும்பி இந்தியில் சொன்னாள், பிறகு போனுக்குத் திரும்பி அவர்கள் பாஷையில் அழுதாள்.

அப்புறம் அம்மா ஒன்று கேட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் கேட்ட முதல் கேள்வியே, அக்கா இந்த வருஷம் பச்சை வைத்தாளா என்பதுதானாம். அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் போகும்போது என்ன சொல்லட்டும் என்று கேட்டார்.

மெஹ்ரி தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பேச ஆரம்பித்தாள். எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பாஷை தெரியாவிட்டாலும், அவள் கை கூடையைக் கவிழ்த்துக் காட்டியது; காவ்யா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பரண், கூடை, பழைய சேலை எல்லாம் போகிறது. பிறகு அந்த அம்மா சிரித்தார். இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். "இதையே சொல்றேன்னு சொல்றாங்க" என்றாள் மெஹ்ரி. "இருட்டுல வச்சாங்க, மஞ்சளா வந்துச்சு, வெளிய எடுத்ததும் பச்சையாச்சு, இத அப்படியே சொல்றேன்னு சொல்றாங்க."

அதோடு அந்த அக்காவிடம் போனைக் கொடு என்றாராம். நான் வாங்கிக் காதில் வைத்தேன். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு அவர் நிறுத்தி நிறுத்தி, மகள் சொல்லிக் கேட்டுப் பழகிய அந்த ஒரே வார்த்தையைச் சொன்னார்.

"சாப்டாச்சா?"

"ஆச்சும்மா" என்றேன். அதற்குள் லைன் போய்விட்டது.

கரைக்க வேண்டிய நேரம் வந்தபோது மெஹ்ரி தட்டை என்னிடமிருந்து வாங்கவில்லை. "நீங்களே விடுங்க அக்கா, வளர்த்தது நீங்கதானே" என்றாள். முட்டி அளவு தண்ணீரில் இறங்கி விட்டேன். பழக்கதோஷம், குலவை வந்துவிட்டது. காவ்யா வெட்கப்பட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் மெஹ்ரி சூட்கேசை எங்கள் வீட்டுப் பரணில் ஏற்றச் சொன்னாள். கோதுமைத் தட்டு இருந்த அதே இடத்தில் ஏற்றினேன்.

நாஹித் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். போர் என்ன ஆகும், அந்த நாடு என்ன ஆகும், எதுவும் எனக்குத் தெரியாது. ஊரில் இருக்கிற உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். இந்த வருஷம் கொடைக்கு முளைப்பாரி போடும்போது ஒரு பிடி கோதுமையை அவள் பெயரில் சேர்த்துப் போடுங்கள். அடுத்த வாரம் அந்த அம்மா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, செம்பூரில் ஒரு தமிழ்க்காரி விவரம் தெரியாமல் கோதுமையைப் பரணில் ஏற்றிய கதையைச் சொல்லப் போகிறார். அதைக் கேட்டு அவள் சிரிக்க வேண்டும்.